பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

மே 9

நேற்று பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட். வசுதா அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தெட்டு. வணிகவியலில் நூற்றுக்கு நூறு. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் எங்கள் முத்து கார்ட்ஸ் கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்க்க வந்தவர்களுக்கு இரண்டு லட்டு. மாப்பிள்ளை வீடும் பெண் வீடுமாகக் கார்டு நிறத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டே வந்த ஒரு கூட்டம், லட்டைத் தின்றுவிட்டு ஒரே டிசைனைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனது.

சாயங்காலம் வசுதா கடைக்கு வந்து, "நான் பி.பி.ஏ. படிக்கறனுங்ப்பா" என்றாள். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில். வியாபார நிர்வாகப் படிப்பு. மூன்று வருடம், விடுதி வாசம்.

"விசாரிப்போம் கண்ணு" என்றேன். ஒரே பெண். பெயர் வைக்கும்போதே யோசித்துத்தான் வைத்தேன். மூன்று எழுத்து, ஒற்று இல்லை, ரகர றகரச் சண்டை இல்லை, எவன் டைப் செய்தாலும் பிழை வர வழியில்லை. அப்படிப்பட்ட பெண்ணை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஒரு படிப்பில் தள்ள முடியாது. முடிவு தெரியும்வரை எழுதி வைப்பதென்று இந்த டைரியை எடுத்திருக்கிறேன். கார்டு கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தது, இத்தனை நாள் சும்மா கிடந்தது.

மே 11

பல்கலைக்கழகத்தின் விளக்கப் புத்தகம் கூரியரில் வந்தது. வழவழ தாள், நல்ல அச்சு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தமிழ்ப் பக்கம் ஒன்றில் மட்டும் பதினோரு பிழை. 'மாணவர்களின் எதிர்க்காலம்' என்று போட்டிருக்கிறார்கள். எதிர்காலத்தில் ஒரு 'க்' அதிகம். சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினொன்றையும் வட்டம் போட்டு ஓரத்தில் திருத்தினேன்.

என் மனைவி சாந்தாமணி டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, புள்ளைய அங்க படிக்க அனுப்பறமா, புரூஃப் பாக்க அனுப்பறமா?"

வசுதா பொறுமையாக விளக்கினாள். வருடத்துக்கு அறுநூறு பேர் சேர்கிறார்களாம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இரண்டு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பழக வேண்டுமாம். அறுநூறு பேரா! அது கல்லூரியா, மாரியம்மன் தேர்க்கூட்டமா?

"உள்ளூர்லயே பி.காம். இருக்குது. நடந்தா பதினஞ்சு நிமிசம். மத்தியானம் வீட்டுச் சோறு. பி.காம்.க்கு என்ன கொறச்சல்? உங்கப்பன் பி.காம். தானே" என்றேன்.

"அதனாலதான் இத்தன தப்பக் கண்டுபுடிக்கறீங்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மே 12

வைகாசி முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இன்று ஏழு புரூஃப். கண் எரிகிறது.

மே 14

ஒரு யோசனை வந்தது. படிப்பு எப்படி என்று விளக்கப் புத்தகத்தைக் கேட்டால் அது என்ன சொல்லும், வெண்டைக்காய் விற்கிறவன் முற்றல் என்றா சொல்வான்? படித்தவர்களைக் கேட்க வேண்டும். படித்தவர்கள் எல்லோரும் என் அலமாரியில் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பு இல்லையென்றால் திருநீறு இல்லாத நெற்றி மாதிரி. முகூர்த்த நேரத்தில் பிழை இருந்தால்கூடப் பொறுப்பார்கள், எம்.பி.ஏ.வில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கடைக்கே வந்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு பத்திரிகையின் புரூஃபையும், வாடிக்கையாளர் கையெழுத்தோடும் போன் நம்பரோடும் கோப்பில் வைத்திருக்கிறேன். டைப் செய்யும் ரெஜினாவைத் தேடச் சொன்னேன். நான்கு வருடக் கோப்பில் பி.பி.ஏ. ஏழு பேர். அதில் மூன்று பேர் அதே பல்கலைக்கழகம் என்று பெயரோடு போடச் சொன்னவர்கள்.

முதலில் காங்கேயத்து மாப்பிள்ளை. "உங்க கல்யாணப் பத்திரிக்கை அடிச்ச நாச்சிமுத்து பேசறனுங்க" என்றேன். அவர் பதறிவிட்டார்.

"ஏனுங்ணா, பத்திரிக்கைல எதாச்சும் தப்பாப் போச்சுங்களா? எம்பட கொழந்தைக்கே ரெண்டு வயசாச்சுங்க."

விஷயத்தைச் சொன்னதும் தெளிந்தார். "உண்மையச் சொல்லட்டுங்களா? பொஸ்தகத்துல படிச்சது பாதி மறந்துபோச்சுங்க. ஆனா ரூம்ல நாலு பேரு, நாலு பாசை. மொத மாசம் வாயே தொறக்கல. மூணாவது வருசம் அவனுகளுக்கெல்லாம் நாந்தான் தலைவன். எங்கப்பா தரகர் இல்லாம ஒரு மூட்ட கொப்பர வித்ததில்லீங்க. நான் குஜராத்துக்காரங்கிட்ட நேராப் பேசறனுங்க."

இரண்டாவது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் பெண். "டிகிரியப் பாத்து யாரும் வேலை குடுக்கலீங்கண்ணா. லீவுல எங்க வேலை பழகுனேன்னுதான் கேட்டாங்க. அதுக்கு எடம் புடிச்சுக் குடுத்தது காலேஜுதான். ஆனா அறுநூறு பேர்ல நாமளாப் போயி முன்னால நிக்கோணும். பின்னால நின்னா மூணு வருசம் நம்ம பேரே யாருக்கும் தெரியாதுங்க."

மூன்றாவது ஊதியூர் மாப்பிள்ளை. கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது பத்திரிக்கைக்காகப் போட்டதுங்ணா. இன்னும் மூணு பேப்பர் நிக்குது. வீட்ல தெரியாதுங்க. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். அவரிடம் வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த நம்பர் போடட்டுமா என்றாள் ரெஜினா. இன்றைக்குப் போதும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். வெயில் அதிகம்.

மே 17

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் தினமும் போன் செய்கிறது. சேர்க்கை ஆலோசகராம். "குட் மார்னிங் சார், டிசிஷன் எடுத்துட்டீங்களா?" என்று தேன் மாதிரிக் குரல். கடையில் விற்காத டிசைனை நான் இப்படித்தான் தள்ளிவிடுவேன் என்பதால் உஷாராகவே பேசினேன்.

கட்டணத்தைக் கேட்டதும் உஷார் எல்லாம் போய்விட்டது. நம் சக்திக்கு அது முழுதாக முடியாது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணே ஒரு வழி சொன்னது. குடும்பத்தில் யாருமே பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி என்று சலுகை உண்டு. பல்கலைக்கழகமே பாதிக் கட்டணத்தைத் தள்ளிவிடும். தாலுகா ஆபீஸ் சான்றிதழ் வேண்டும், ஜூன் பன்னிரண்டு கடைசி. "நீங்களும் மேடமும் என்ன படிச்சிருக்கீங்க சார்?"

"நான் பி.காம்., வீட்ல பி.ஏ." என்றேன்.

"ஓ, சாரி சார்" என்றது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சாந்தாமணி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். குக்கர் அப்போது விசில்கூட அடிக்கவில்லை.

மே 19

உள்ளூர் பி.காம். என்று முடிவு செய்து வசுதாவிடம் சொன்னேன். "சரிங்ப்பா" என்றாள். அழவில்லை, முகம் தூக்கவில்லை. பத்து நாளாகத் தூசி தட்டாமல் கிடந்த என் கார்டு அலமாரியை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். சண்டை போடுகிற பெண்ணை ஜெயிக்கலாம், சரிங்ப்பா என்கிற பெண்ணை என்ன செய்வது?

மே 23

முடிவு செய்த பிறகும் நானும் வசுதாவும் பல்கலைக்கழகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சாந்தாமணி சொன்னதுதான். "ஒருதடவ பாத்துட்டு வேண்டாம்னா புள்ளைக்கு மனசு ஆறும். பாக்காமயே வேண்டாம்னா ஆயுசுக்கும் கெடக்கும்." பார்வையாளர் நாள் என்று அழைப்பும் வந்திருந்தது.

உள்ளுக்குள்ளேயே பஸ் ஓடுகிறது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக பஸ் ஏறினோம். வணிக நிர்வாகத் துறை மட்டும் ஐந்து மாடி. ஊர்க் கல்லூரியில் முதல்வர் எதிரே வந்தால் எல்லா மாணவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இங்கே லிஃப்டுக்குள் நெருக்கியடித்து நின்ற பதினாறு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. எனக்குத் தலை சுற்றியது. வசுதா தரைத்தளத்து வரைபடத்தை ஒருமுறை பார்த்தாள், அப்புறம் எங்குமே வழி கேட்கவில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு பேராசிரியை பெற்றோரின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், களைத்துப் போயிருந்தார். எல்லோரும் வேலை கிடைக்குமா, விடுதியில் சாப்பாடு எப்படி என்று கேட்டார்கள். வசுதா எழுந்தாள்.

"மேடம், எங்கப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்கறாங்க. இப்ப எல்லாரும் வாட்ஸ்அப்ல அனுப்பிடறாங்க. ஆயிரம் கார்டு அடிச்சவங்க முன்னூறுக்கு வந்துட்டாங்க. ஆனா அந்த முன்னூறு கார்டு மட்டும் ரொம்பப் பிரமாதமா இருக்கணும்னு கேக்கறாங்க. அப்ப நாங்க விக்கறது கார்டா, மரியாதையா? இத எந்தப் பேப்பர்ல மேடம் சொல்லித் தருவீங்க?"

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "முன்னால வந்து உக்காரும்மா" என்றார். மற்ற பெற்றோர் கடிகாரத்தைப் பார்க்க, இருபது நிமிடம் இருவரும் என் கடையைப் பற்றிப் பேசினார்கள். என் கடையைப் பற்றி இவ்வளவு யோசித்து வைத்திருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. வீட்டில் வாயைத் திறக்காமல் கார்டு அடுக்கிய பெண் இதுதானா?

கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் மறைக்காமல் சொன்னார். "கூட்டம் அதிகம் சார். பாதிப் பேரு வந்த மாதிரியே போயிடுவாங்க. அவங்களுக்கு இந்தப் படிப்பு தண்டம்தான். உங்க பொண்ணுக்கு அப்படி ஆகாது."

ஊர் திரும்பும் பஸ்ஸில் வசுதா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று பார்த்தால் அவரும் தூங்கிவிட்டார்.

மே 26

மூன்று நாளாக யோசித்தாகிவிட்டது. விசாரணை முடிந்தது. பி.பி.ஏ. நல்லதா என்றால் எல்லோருக்கும் நல்லது என்று சொல்லமாட்டேன். அறுநூறு பேரில் அறுநூறாவது ஆளாக நிற்கப் போகிறவனுக்கு வேண்டாம். இவளுக்குத் தகும். இவளை ஊரில் வைத்திருந்தால் அந்தக் கேள்விக்குக் காது கொடுக்க ஆள் இருக்காது.

ஆனால் பாதிக் கட்டணச் சலுகை இல்லாமல் அனுப்ப வழியில்லை, சலுகைக்கும் வழியில்லை. யார் என்ன சொன்னாலும் சாந்தாமணி பி.ஏ. ஆயிற்றே. ஆகவே மற்றதை யோசித்துப் பயனில்லை.

மே 28

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தேன். சாந்தாமணி தட்டை எடுக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நா பி.ஏ. முடிக்கலீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். கல்யாணம் ஏப்ரல் கடைசியில். அவள் மூன்றாம் வருடம். எப்படியும் முடித்துவிடுவாள் என்று மாமனார் பத்திரிகையில் பி.ஏ. போடச் சொல்லிவிட்டார். பரீட்சையோ கல்யாணத்துக்கு அடுத்த வாரம். எங்கள் வீட்டில் விருந்து, மறுவீடு, குலதெய்வக் கோயில் என்று இழுத்துக்கொண்டு அலைந்தோம். மூன்று தாள் எழுதவே இல்லை. "நீங்க பி.காம். படிச்சவுரு. எங்கிட்ட எதும் கேக்கவும் இல்ல. எப்படிச் சொல்றதுன்னே தெரியாம இருவத்திரண்டு வருசம் ஓடிப்போச்சுங்க."

அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டதுதான் என்னைக் கொன்றுவிட்டது. "அந்தப் புள்ளைகிட்டப் போன் பண்ணிக் கேளுங்க. வீட்ல ஒருத்தர் மட்டுந்தான் டிகிரின்னா, பாதில பாதியாச்சும் தள்ளுவாங்களான்னு."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். "போனாப் போகுது விடு. நான் மன்னிச்சுட்டேன்" என்றேன். என் வாயால் அப்படித்தான் சொன்னேன். அதை இங்கே எழுதும்போது கொஞ்சம் கூசுகிறது.

மே 29

போன் செய்து கேட்டேன். பாதியில் பாதி கிடையாதாம்.

மே 31

இத்தனை வருடத்தில் முதல்முறையாக நான் பார்த்த புரூஃபில் ஒரு பிழை தப்பிப் போய்விட்டது. பெண் பி.இ. படித்திருக்கிறாள், புரூஃபில் பி.காம். என்றிருந்ததை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நானூறு கார்டு குப்பைக்கு. பெண்ணின் அப்பா பத்திரிகையை மேஜையில் போட்டு, "எம்பட புள்ள நாலு வருசம் கண்ணு முழிச்சுப் படிச்சதுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரும்ப அடித்துத் தருகிறேன் என்றேன்.

ரெஜினா, "என்னாச்சுங்ணா உங்களுக்கு?" என்றாள். சூடு பிடித்திருக்கிறது, இளநீர் குடிக்க வேண்டும் என்றேன். அவள் நம்பவில்லை.

ஜூன் 2

இனி எழுதாமல் இருப்பதில் அர்த்தமில்லை. இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை, படித்தாலும் படிக்கட்டும்.

நான் பி.காம். இல்லை. படித்தேன், முடிக்கவில்லை. அடக்கவிலைக் கணக்கியல், வணிகச் சட்டம் என்று இரண்டு தாள் நின்றுபோயின. அரியர் எழுதினேன். ஐந்து முறை கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். சட்டத்தைக்கூட ஒருமுறை நெருங்கினேன், அடக்கவிலை கடைசிவரை கைக்கு எட்டவே இல்லை. அப்புறம் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண் பி.ஏ. என்றார்கள். பி.ஏ.வுக்கு முன்னால் வெறும் நாச்சிமுத்துவாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் கல்யாணப் பத்திரிகையை நானே அச்செழுத்துக் கோத்து, நானே புரூஃப் பார்த்து, நானே அடித்தேன். என் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்தைச் சேர்க்க அரை நிமிடம் ஆகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பரீட்சைக்குப் போனால் குட்டு வெளிப்படும் என்று போவதையும் விட்டேன். முடித்திருக்கலாம். பொய்யைக் காப்பாற்றுவதற்காக நிஜத்தைக் கைவிட்டேன்.

சாந்தாமணி பி.ஏ. என்று சொல்லி நான் ஒளிந்துகொண்டிருந்த இடமும் போய்விட்டது. இப்போது வசுதாவுக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இருப்பவன் நான் ஒருத்தன்தான். இன்னும் பத்து நாள். சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு உள்ளூர்க் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப வசுதா கடைக்கு வருகிறாள்.

ஜூன் 3

வந்தாள். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பினாள். முடித்ததும், "ஒருக்காப் பாத்துக் குடுங்ப்பா" என்று நீட்டினாள். எந்தத் தாளாக இருந்தாலும் என்னிடம் புரூஃபுக்கு வந்துதான் வீட்டை விட்டு வெளியே போகும்.

பெயர் சரி. பிறந்த தேதி சரி. முகவரி சரி. தந்தையின் கல்வித் தகுதி: பி.காம்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். வாயால் சொல்ல முடியாததைக் கை செய்தது. பி.காம். மேல் கோடு இழுத்து, நீக்குவதற்கான சுழியைப் போட்டு, ஓரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதினேன். அதற்குக் கீழே தாய் என்ற இடத்தில் பி.ஏ. மேலும் அதே சுழி. வழக்கப்படி ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து அவளிடம் நீட்டினேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எத்தன பேப்பரு நிக்குதுங்ப்பா?"

"எனக்கு ரெண்டு. உங்கம்மாளுக்கு மூணு."

"அம்மாளுக்கு உங்களோடது தெரியுமா?"

"தெரியாது."

தாளை மடித்துப் பையில் வைத்தாள். "அப்ப மொதல்ல ஊட்டுக்குப் போலாம். நானும் வாரேன்." அவள் திட்டியிருந்தால் தேவலை. கடைவீதி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு தெருவில் என் கையைப் பிடித்ததில்லை.

சாந்தாமணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதனால் கண்ணீர் எதற்கு வந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. முழுக்கக் கேட்டாள். ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"ஏனுங்க, நா அழுதுட்டே சொன்னப்ப, மன்னிச்சுட்டேன்னீங்களே. எந்த வாயில சொன்னீங்க?"

உரித்த தோலையெல்லாம் நான் கூட்டி அள்ளினேன்.

ஜூன் 4

சாந்தாமணி பேசவில்லை. சோறு போடுகிறாள், ரசம் ஊற்றுகிறாள், நெய்கூட விடுகிறாள். வாய் மட்டும் இல்லை. வசுதா இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டாள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வருவாராம், அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அக்கம்பக்கம் என்றால் கடைவீதி. கடைவீதிக்கு நான் இருபது வருடமாக பி.காம். நாச்சிமுத்து.

ஜூன் 6

அலுவலர் வந்தார். இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டி வரை படிப்பு விவரம் கேட்டார். அதில் சிரமமில்லை, எல்லோரும் கைநாட்டு. என் முறை வந்ததும் தெருவில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "பன்னெண்டாவதுங்க. காலேஜ் போனேன், முடிக்கல." அவமானமாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

சாட்சிக் கையெழுத்துக்கு எதிர்க்கடை பாத்திரக்கடை சென்னியப்பனைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டார். அலுவலர் போன பிறகு மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"எந்தம்பி கல்யாணப் பத்திரிக்கைல எம்.ஏ.ன்னு அடிச்சீங்களே, நெனப்பிருக்குதுங்களா?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்களே."

"அதேதானுங்க. அதான் எதுங் கேக்காமப் போட்டேன்." தோளில் தட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். இத்தனை வருடம் நான் ஒருத்தன்தான் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 7

மத்தியானம் மோர் ஊற்றும்போது சாந்தாமணி வாயைத் திறந்தாள்.

"அந்த அடக்கவெலைப் பேப்பர்ல கடைசியா எத்தன மார்க்கு வாங்குனீங்க?"

"முப்பத்தாறு."

"பாஸ் எத்தன?"

"நாப்பது."

"நாலு மார்க்குக்கா இருவத்திரண்டு வருசம் எங்ககிட்ட ஒளிஞ்சுட்டுத் திரிஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நா மூணு பேப்பருங்க. உங்களுக்கு மேல ஒண்ணு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வசுதா அடுத்த அறையிலிருந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பிப் போனாள்.

ஜூன் 10

சான்றிதழ் வந்துவிட்டது. பிழை இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாயிற்று.

ஜூன் 13

இடம் கிடைத்தது, சலுகையோடு. போன் செய்த அந்த ஆலோசகப் பெண்ணிடம் நன்றி சொன்னேன். "சார், ஆனா முன்னாடி நீங்க பி.காம்.னு..." என்று இழுத்தது. "அது அச்சுப்பிழைம்மா" என்றேன்.

ஜூன் 27

வசுதாவை விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். பெட்டி, வாளி, பருப்புப் பொடி, இரண்டு ஊறுகாய். சேர்க்கை மேஜையில் நீள வரிசை. எங்கள் முறை வந்ததும் அங்கிருந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "வீட்ல யாருமே டிகிரி இல்லையா?" என்றார். நானும் சாந்தாமணியும் ஒரே நேரத்தில் "இல்லீங்க" என்றோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதற்கும் பதில் சொன்னதில்லை. வசுதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்போடு உள்ளே போய்விட்டாள். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றோம். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே போனாள், பார்க்கவில்லை.

திரும்பி வரும் பகல் பஸ் செங்கல்பட்டைத் தாண்டியது. அழுதால் பக்கத்து சீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். சாந்தாமணிதான் முதலில் கேட்டாள்.

"அத்தன பெரிய எடமுங்க. பாப்பா முடிச்சுருவாளா?"

"முடிச்சுருவா."

"முடிக்கலீன்னா?"

"முடிக்கலீன்னா அன்னைக்கே நம்மளுக்குப் போன் பண்ணிச் சொல்லிருவா" என்றேன்.

சாந்தாமணி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அது போதுமுங்க" என்றாள்.